கூந்தல் முறிவதும் உதிர்வதும்



சென்ற இரண்டு மாதங்களாக நமக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படிக்கையில், ஒரே முறையீடு பல கையெழுத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. அது கூந்தலைப் பற்றிய முறையீடு. அவற்றுள் இரண்டு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதற் கடிதம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலிருந்து, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே குடியிருக்கும் ஒரு சகோதரி எழுதியது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது இடுப்பைத் தொட்ட பின்னல், நான்கே ஆண்டுகளில் தோளளவாகக் குறுகிவிட்டதாம். நுனியெல்லாம் துடைப்பம் போலப் பிளந்து, தொட்ட இடத்தில் ஒடிகிறதாம். "சீப்பைக் கையில் எடுக்கவே அச்சமாக இருக்கிறது" என்கிறார்.

இரண்டாவது கடிதம் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தாலுகாவில், தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயார் ஒருவருடையது. அவருடைய மகளுக்கு 17 வயது. தலை வாரினால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. சாலையோரக் கடையில் 600 ரூபாய் கொடுத்து மலைமூலிகைத் தைலம் ஒன்று வாங்கித் தேய்த்தார், பயனில்லை. பழனிக்குச் சென்று மொட்டையடித்தால் அடர்த்தியாக வளருமா என்று இப்போது கேட்கிறார். கடிதத்தின் ஓரத்தில், பிறகு நினைவு வந்து சேர்த்தவர் போல, "மகள் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறாள், பள்ளி விட்டு வந்ததும் படுத்துவிடுகிறாள்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்.

இருவரும் நம்மிடம் கேட்பது ஒரே பொருள்தான்: "நல்ல எண்ணெய் ஒன்று சொல்லுங்கள்." ஆனால் இருவருக்கும் நேர்ந்திருப்பது ஒரே குறையன்று. ஒருவருக்குக் கூந்தல் முறிகிறது, மற்றவருக்கு உதிர்கிறது. முறிவுக்குக் காரணம் பெரும்பாலும் தலைக்கு வெளியே இருக்கிறது. உதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் உடலுக்கு உள்ளே இருக்கிறது. இந்த வேற்றுமையை அறியாமல் எத்தனை புட்டி வாங்கினாலும் பணம்தான் குறையுமே ஒழியப் பிணி குறையாது.

வேற்றுமையை அறிவது எப்படி?

இதற்கு வைத்தியரும் வேண்டாம், செலவும் வேண்டாம். சீப்பில் வந்த முடிகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து, நிறம் மாறுபட்ட துணியின்மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கருமுடிக்கு வெள்ளைத் துணி ஏற்றது. ஒரு முனையில் குண்டூசித் தலையினும் சிறிதாக வெண்மையான குமிழ் இருந்தால், அது வேரோடு உதிர்ந்த முடி. நீளமும் பெரும்பாலும் முழு நீளமாகவே இருக்கும். குமிழே இல்லாமல் இரு முனைகளும் வெறுமையாக, துண்டு துண்டாகக் குட்டை நீளத்தில் இருந்தால், அது நடுவே முறிந்த முடி. சில முடிகளில் வெண்ணிறப் புள்ளி முடிச்சுப் போலத் தென்படும். அந்த இடத்தில் வளைத்தால் சட்டென்று ஒடியும். இதுவும் முறிவின் அடையாளமே.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எவர்க்கும் இயல்பு. தலையில் ஏறக்குறைய ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, சில வாரங்களில் வளர்ச்சியை நிறுத்தி, ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பின்பு விழும். அதே குழியில் புதிய முடி முளைக்கும். ஆகவே சீப்பில் நாலு முடியைக் கண்டதும் கலங்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை தலை முழுகுகிறவர்களுக்கு அன்று மட்டும் மிகுதியாகத் தோன்றும். அது பல நாளைய முடி ஒருங்கே வருவதுதான்.

முறிந்த முடி ஒட்டுமா?

ஒட்டாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தோலுக்கு வெளியே வந்த முடியில் உயிரில்லை. நகத்தைப் போலவே அதுவும் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதனுள் இரத்தமில்லை, நரம்புமில்லை. கையில் பட்ட காயம் தானே ஆறுவது போல, பிளந்த முடி ஆறுவதில்லை. "உடைந்த கூந்தலைச் சீர்ப்படுத்தும்" என்று விளம்பரம் செய்யப்படும் பூச்சுகள், பிளவின்மேல் வழவழப்பாகப் படிந்து அதைச் சிறிது காலம் மறைக்கின்றன, உராய்வையும் குறைக்கின்றன. அடுத்தடுத்த முழுக்கில் அவை கழுவிப் போகும்.

முடியின் வெளிப்புறத்தை மீனின் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் மூடியிருக்கின்றன. கூரை ஓடு மழையைத் தாங்குவது போல் இச்செதில்கள் உள்ளிருக்கும் நாரைக் காக்கின்றன. செதில் தேய்ந்தாலோ நிமிர்ந்தாலோ நார் வெளிப்பட்டுப் பிரியும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக வளர்கிறது. அந்தக் கணக்கில், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி ஏறத்தாழ ஐந்து ஆண்டு வயதுடையது. ஐந்து தீபாவளி எண்ணெய்க் குளியலையும், ஐந்து ஆண்டு வெயிலையும், ஆயிரக்கணக்கான சீப்பு இழுப்புகளையும் தாங்கிய பழம்பொருள் அது. பழம்பொருளை எப்படிக் கையாளுவோமோ அப்படித்தான் நுனியைக் கையாள வேண்டும்.

சித்தூர்ப் பக்கத்துத் தண்ணீரும் காற்றும்

முதற் கடிதம் எழுதிய சகோதரியின் ஊர்ப் பக்கத்தை நாம் நன்கு அறிவோம். கேரளம் என்றாலே மழை என்று வெளியார் எண்ணுவர். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியோ மழை குறைந்த நிலம். வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களில் பல வீடுகள் ஆழ்குழாய்க் கிணற்றையே நம்பியிருக்கின்றன. நிலத்தடி நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகும்போது அது கடின நீராகிறது. இப்பகுதியில் தண்ணீரின் தன்மை எவ்வளவு பெரிய வழக்காயிற்று என்பதைப் பிளாச்சிமடை உலகுக்கே காட்டியது. பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த அச்சிற்றூரில் 2000-ஆம் ஆண்டில் குளிர்பானத் தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கிய பின், கிணற்று நீர் சமையலுக்கும் குளியலுக்கும் உதவாது போயிற்று என்று மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22-இல் தொடங்கிய போராட்டத்தில் மயிலம்மா முதலிய பழங்குடிப் பெண்கள் முன்னணியில் நின்றனர். 2004 மார்ச்சில் ஆலையின் உற்பத்தி நின்றது. தண்ணீர் கெட்டதை முதலில் உணர்கிறவள், அதை எடுத்துக் கையாளும் பெண்தான் என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறோம்.

கடின நீரில் சோப்புப் போட்டுத் தலை முழுகினால் என்ன நிகழ்கிறது? சோப்பு, சுண்ணாம்புச் சத்தோடு கூடி நுரையாமல், வெண்மையான பிசுக்காகத் திரிகிறது. வாளியின் ஓரத்தில் படியும் அதே பிசுக்கு முடியிலும் படிகிறது. முடி சொரசொரப்பாகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். மேலும் சோப்பு காரத்தன்மை உடையது. காரம் செதில்களை நிமிர்த்தும். நிமிர்ந்த செதிலின் மேல் சீப்பு இழுபட்டால் முடி ஒடியாமல் என்ன செய்யும்? துணி துவைக்கும் கட்டியை அவசரத்துக்குத் தலையில் தேய்ப்பவர்களும் உண்டு. அதைவிடக் கேடு வேறில்லை.

உங்கள் வீட்டு நீர் கடினமானதா என்று அறிய, ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி நீர் ஊற்றி, சோப்பு சிறிது சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிறையப் பொங்கினால் மென்னீர். நுரை எழாமல் பால்போலக் கலங்கித் திரிந்தால் கடின நீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டுவதும் அதே அறிகுறி.

கடின நீர் உள்ள வீடுகளில் செய்யத்தக்கவை இவை. தலைக்குச் சோப்பை விலக்குங்கள். நம் முன்னோர் கைக்கொண்ட சீயக்காயும், கொங்கு நாட்டார் இன்றும் மறவாத அரப்புத்தூளும் சோப்பைப் போலத் திரிவதில்லை. அவற்றிலுள்ள நுரைப்பொருள் வேறு வகையைச் சேர்ந்தது. தூளை நன்றாகச் சலித்துக் குழைத்துப் பயன்படுத்த வேண்டும். திப்பியோடு தேய்த்தால் அதுவே முடியை உரசும். ஷாம்பு பயன்படுத்துவோர் அதை நீரில் கரைத்து, உச்சித் தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிந்து வரும் நுரையே நுனியைத் தூய்மை செய்யும். கடைசியாக அலச, சேமித்து வைத்த மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இல்லாவிடில், ஒரு வாளி நீரில் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றை வடிகட்டிக் கலந்து ஒருமுறை ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு வெறும் நீரால் அலசிவிடலாம். புளிப்பு, படிந்த சுண்ணாம்புப் பிசுக்கை இளக்கும். தலையில் புண் இருப்போர் இதைச் செய்ய வேண்டாம். சாற்றை அலசாமல் வெயிலில் போவதும் கூடாது.

தண்ணீர் ஒருபுறமிருக்க, காற்று மற்றொன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கார்த்திகை தொடங்கி மாசி வரை வறண்ட கீழ்க்காற்று வீசுகிறது. தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்யும் பெண்கள் கூந்தலை விரித்தபடி அக்காற்றில் நின்றால் மாலைக்குள் சிக்குக் கட்டிவிடும். தளரப் பின்னி, பருத்தித் துணியால் மூடிக்கொண்டு போவது நலம்.

மலைநாட்டின் ஈரமும் தலைச்சுமையும்

இனி இடுக்கிப் பக்கம் வருவோம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் பாறைமேல் ஓடிவரும் நீர் பெரும்பாலும் மென்னீர்தான். அங்கே குறை நீரில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. விடிவதற்கு முன்னே அடுப்பு மூட்டி, தலை முழுகி, ஈரம் உலருமுன் முறுக்கிக் கொண்டையிட்டு, தலைத்துணி கட்டி மலையேறுவது லயத்துப் பெண்களின் அன்றாட வழக்கம். ஈரமான முடி நீரை உண்டு பருத்து, இழுத்தால் நீண்டு, காய்ந்த முடியைவிட எளிதில் அறும். அதை முறுக்கிக் கட்டுவது நனைந்த நூலை முறுக்குவது போன்றது. நாள் முழுதும் உலராத தலையில் பொடுகும் செழிக்கும். ஆகையால் தலை முழுக்கை வேலை நாள் காலையில் வைத்துக்கொள்ளாமல், மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் இளஞ்சூட்டில் ஊற்றுங்கள்.

துண்டால் கூந்தலை அடித்து உலர்த்தும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டுகிறோம். பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அடுப்புக்கு அருகே தலையைக் காட்டி உலர்த்துவதும், இக்காலத்துச் சூட்டுக் கருவிகளால் நாள்தோறும் நீட்டி நிமிர்த்துவதும் முடியின் நாரையே வேக வைப்பனவாகும். அழகு நிலையங்களில் இரசாயனப் பூச்சால் முடியை நேராக்கிக்கொள்ளும் இளம் பெண்கள், அம்முறைகளுள் பல முடியின் உட்கட்டை உடைத்து மறுபடி கட்டுவன என்பதை அறிந்து செய்வார்களாக. உடைத்துக் கட்டியது பழைய உறுதியைப் பெறுவதில்லை.

கொழுந்து மூட்டையும் விறகுக் கட்டும் சுமக்கும் பெண்களுக்கு உச்சியில் முடி குட்டை குட்டையாக முறிந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். சும்மாட்டுக்குச் சாக்குத் துணியை வைக்காமல், பழைய மெல்லிய பருத்திச் சேலைத் துணியைத் தடிப்பாகச் சுருட்டி வைத்தால் உராய்வு குறையும். பள்ளிச் சிறுமியர்க்கு நெற்றித் தோல் இழுபடும்படி இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னாதீர்கள். ஆண்டுக் கணக்கில் இறுக்கி இழுத்த முடி, நெற்றியோரத்திலும் காதோரத்திலும் திரும்பி வராமலே போய்விடக்கூடும்.

சிக்கெடுப்பதற்கும் முறை உண்டு. உச்சியில் தொடங்கிச் சரேலென்று இழுக்கக் கூடாது. நுனியில் நான்கு விரற்கடை எடுத்து முதலில் அதை அவிழ்த்து, பிறகு சற்று மேலே, பிறகு இன்னும் மேலே என்று ஏற வேண்டும். பல் அகன்ற சீப்பு வேண்டும். பிளந்த நுனியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓரங்குலம் கத்தரித்துவிடுவது நலம். நுனியை வெட்டுவதால் வளர்ச்சி விரைவதில்லை. ஆனால் பிளவு மேலே ஏறுவது நிற்கும்.

எண்ணெயின் பயன் எது வரை?

எண்ணெயை நாம் இகழவில்லை. 2003-ஆம் ஆண்டில் ரெலே, மொஹிலே என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் முடியில் தேய்த்துச் சோதித்தார்கள். முழுக்கின்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைத் தடுத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள்ளே ஊடுருவக்கூடியது என்பது அவர்கள் கூறிய காரணம். அந்த ஆராய்ச்சி தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனமொன்றின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது என்பதையும் வாசகியர் அறிந்துகொள்வது முறை. ஆயினும் முழுக்குக்கு முன் எண்ணெய் தேய்க்கும் நம் வீட்டு வழக்கத்துக்கு அது ஒத்திருக்கிறது. தலை முழுகுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, ஒரு கரண்டி எண்ணெயை நுனி வரை தடவினால் போதும். வழிய வழிய ஊற்றுவதால் கூடுதல் பயன் இல்லை. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயை உச்சித் தோலில் நாட்கணக்கில் ஊற விடலாகாது; பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையை உண்டு வளர்வது.

கரிசலாங்கண்ணி, நெல்லி, செம்பருத்தி இட்டுக் காய்ச்சிய எண்ணெயும், மலையாள நாட்டில் நாம் வந்து கற்ற செம்பருத்தித் தாளியும் முடிக்கு வழவழப்பு அளிப்பவை. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவை வெளியே நிற்கும் முடியைக் காக்கும் காவற்காரர்கள். உள்ளே பசித்திருக்கும் வேருக்குச் சோறிட அவற்றால் ஆகாது. இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, வழுக்கையைத் தீர்ப்பதாகவோ புதுமுடி முளைப்பிப்பதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று விதித்திருக்கிறது. சாலையோரத்துப் புட்டியின்மேல் ஒட்டிய படத்தைப் பார்த்து நம்பும் முன் இதை நினைவிற் கொள்ளுங்கள்.

உதிர்வு: உடல் எழுதும் கடிதம்

இப்போது தோட்டத்துத் தாயாரின் கடிதத்துக்கு வருவோம். முடி வேரோடு கொத்தாக உதிர்வது, உடலுக்குள் ஏதோ குறை என்று உடல் நமக்கு எழுதும் கடிதம் போன்றது. அதைப் படிக்காமல் உறையின்மேல் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கலாமா?

கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பேறுகாலம், பெருங்கவலை, பட்டினி ஆகியவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி மிகுதியாக உதிரும். டெங்குவும் சிக்குன்குனியாவும் கண்டவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். காய்ச்சல் போய் மாதங்கள் ஆனதால் காரணம் மறந்துபோகிறது. புதிதாக வாங்கிய எண்ணெயின்மேல் பழி விழுகிறது. பெரும்பாலும் ஆறு மாத அளவில் இது தானே அடங்கி, முடி திரும்ப முளைக்கும். அந்நேரத்தில் தேய்த்துக்கொண்டிருந்த எண்ணெய்க்குப் புகழ் கிடைத்துவிடும்!

தானே அடங்காத உதிர்வுக்கு முக்கியமான காரணங்களுள் இரத்தசோகையும் ஒன்று. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தசோகை உடையவர்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 57 பேர். தமிழ்நாட்டில் 53 பேர். கேரளத்தில் 36 பேர். மூச்சு வாங்குதல், களைப்பு, படபடப்பு, கண்ணிமையின் உட்புறம் வெளிறுதல் ஆகியவை முடி உதிர்வோடு சேர்ந்திருந்தால் இரத்தத்தைச் சோதித்தே ஆக வேண்டும். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது. கருவுற்றவளுக்கு 11 கிராமுக்குக் குறையலாகாது.

இவ்விடத்தில் தோட்டத்துச் சகோதரிகளுக்கு ஒரு சொல். நம் கையால் பறித்த தேயிலை நம் இரத்தத்தைக் குறைக்க நாமே இடங்கொடுக்கிறோம். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. சோற்றோடும், சோறுண்ட கையோடும் கட்டன் சாயா குடிக்கும் வழக்கம் நம் லயங்களில் வேரூன்றியிருக்கிறது. தேநீரை விட வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளி வையுங்கள். உணவோடு நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா இவற்றுள் ஒன்று சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், கொள்ளு, முட்டை, மத்தி மீன் ஆகியவை நம் கைக்கு எட்டியவை. முடியே புரதத்தால் ஆனது. கஞ்சியும் மரவள்ளிக் கிழங்கும் மட்டும் உண்ணும் வயிற்றிலிருந்து அது எங்கிருந்து வரும்? வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்க்குக் கொக்கிப்புழு உள்ளங்கால் வழியே நுழைந்து குடலில் இரத்தத்தை உறிஞ்சும். ஆகவே செருப்பும் கழிப்பறையும் கூந்தலுக்கும் மருந்துதான். மாதவிலக்கில் மிகையான போக்கு இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

2023-ஆம் ஆண்டில் கேரள அரசு 'விவா' என்ற பெயரில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் இரத்தசோகையைக் கண்டறிந்து நீக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. உங்கள் பகுதி ஆஷா ஊழியரையோ குடும்ப ஆரோக்கிய மையத்தையோ கேட்டால் சோதனைக்கு வழி சொல்வார்கள். மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். இந்த எல்லைப் பகுதியில் தமிழ் அறிந்த ஊழியர்கள் பலர் உள்ளனர். கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் வெறும் நீரோடு உட்கொள்ளுங்கள். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டாம். அது மாத்திரையின் இயல்பு. இரத்தம் தேறிய பிறகும் முடி தேற மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம், பொறுமை வேண்டும்.

தைராய்டுச் சுரப்பியின் குறையாலும் முடி உதிரும். உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல் ஆகியவை உடனிருந்தால் அதையும் சோதிக்க வேண்டும். காசளவு வட்டமாக, மழுமழுவென்று முடி விழுந்தால் அது புழுவெட்டு; பெயர்தான் அப்படி, அங்கே புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே தாக்குவதால் வருவது அது. குழந்தையின் தலையில் வட்டத்தில் செதில் உரிந்து, முடி அடியோடு ஒடிந்து கரும்புள்ளிகளாக நின்றால் அது பூஞ்சைப் படர்தாமரை. இதற்குப் பூச்சு மட்டும் போதாது; உட்கொள்ளும் மருந்து வேண்டும்; ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குத் தொற்றவும் செய்யும். இவற்றுக்கு இஞ்சியும் வெங்காயமும் தேய்த்து மாதங்களை வீணாக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரு சகோதரிகளுக்கும் விடை

கொழிஞ்சாம்பாறைச் சகோதரிக்கு: உங்கள் கூந்தலுக்குச் சோப்பை நிறுத்துங்கள், பிளந்த நுனியை வெட்டுங்கள், முழுக்குக்கு முன் தேங்காய் எண்ணெயும், முழுக்கின் முடிவில் மழைநீரும் கொடுங்கள். வேர் நன்றாக இருக்கிறது. இழந்த நீளம் ஆண்டுக்கு அரையடிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பி வரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் பின்னல் மீண்டும் இடுப்பை நெருங்கும். அதைவிட விரைவாக வளர்ப்பேன் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தோட்டத்துத் தாயாருக்கு: பழனியாண்டவனுக்கு முடி காணிக்கை நேர்ந்திருந்தால் மகிழ்ச்சியோடு செலுத்துங்கள், அது பக்தி. ஆனால் அடர்த்தியாக வளரும் என்று எண்ணி மொட்டையடிக்க வேண்டாம். மழித்த முடி முளைக்கும்போது நுனி மழுங்கியிருப்பதால் தடித்தது போலத் தோன்றுமே தவிர, வேரின் எண்ணிக்கையும் பருமனும் மாறுவதில்லை. 17 வயதுப் பெண் மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போவதன் வருத்தத்தையும் எண்ணிப் பாருங்கள். கடிதத்தின் ஓரத்தில் எழுதினீர்களே ஒரு வரி, அதுதான் உங்கள் கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு புட்டி வாங்க எடுத்து வைத்திருக்கும் பணத்தை அப்படியே வைத்துவிட்டு, இந்த வாரமே ஒருநாள் வேலையை விட்டாவது மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தச் சோதனையின் முடிவு வந்ததும் நமக்கு ஒரு வரி எழுதுங்கள், அதை எதிர்பார்த்திருப்போம்.

மற்றக் கடிதங்களில் சிலர் இளநரையைப் பற்றியும், வேறு சிலர் பள்ளிப் பிள்ளைகளின் பேன் தொல்லையைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அடுத்த இதழில் அவற்றை எடுத்துக்கொள்வோம்.